உயிரோடு இருக்கிறது என்றேன்

நான் பொய் சொன்னேன். வாய் தவறி அல்ல, மறந்துபோயும் அல்ல. தெரிந்தே, யோசித்தே சொன்னேன். மூன்று ஆண்டுகளாக எல்லோரும் அதை ஒரு கவனப்பிசகு என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிசகுக்குக் கெட்ட பெயர் வாங்கியவளும் நான் அல்ல, வேறொருத்தி.

அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் வீடு இடிந்தது.

"இடித்தது நான் அல்ல, இடையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், என் சொல்லுக்கும் அந்தச் சுவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை..." இப்படியெல்லாம் வாதாட எனக்குத் தெரியும். வாதாடினால் நீங்களே தலையாட்டிவிடுவீர்கள். அதற்காகத்தானே முப்பத்தொன்பது வயதில் மறுபடியும் கல்லூரிக்குப் போய்ச் சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கினேன்! ஆனால் இன்று உங்களிடம் வாதாடப் போவதில்லை. நடந்ததைச் சொல்லப் போகிறேன்.

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பெண்கள் என்னிடம் கேட்பார்கள்: "மேடம், எல்.எல்.எம். படிச்சா என்ன மேடம் கிடைக்கும்? ப்ராக்டிஸுக்கு யூஸ் ஆகுமா?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு அழகாகப் பதில் சொல்வேன். நூறு பக்கத் தீர்ப்பில் உயிர்நாடியான நான்கு வரியைப் பிரித்தெடுக்கத் தெரியும் என்பேன். நமக்கு எதிரான தீர்ப்பைக்கூட, "இது நம் வழக்குக்குப் பொருந்தாது" என்று ஒதுக்கிவைக்கும் வழி தெரியும் என்பேன். முக்கியமாக, ஒரு தீர்ப்பை நம்புவதற்கு முன், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று தேடிப் பார்க்கும் பழக்கம் வரும் என்பேன். அவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

இவை எல்லாமே எனக்கு வந்தது உண்மைதான். வந்ததை வைத்து நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்வதில்லை.

என் பெயர் ஹேமா. எங்கள் குடும்பம் பெங்களூரில் நான்கு தலைமுறையாக இருக்கிறது. தாத்தா அரசாங்க உத்தியோகம், அப்பா அரசாங்க உத்தியோகம். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், கோர்ட்டில் ஆங்கிலம். நான் படித்தால் முதலாவதாக வருவேன் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். பதினான்கு வருஷம் வக்கீலாக இருந்த பிறகு, மாலை வகுப்பில் எல்.எல்.எம். சேர்ந்தபோதும் அதே நினைப்போடுதான் போய் உட்கார்ந்தேன்.

பக்கத்து இருக்கையில் சங்கமித்ரா. மித்ரா என்று கூப்பிடுவோம். இருபத்தைந்து வயது. ஈஜிபுராவில் ஒற்றை அறை வாடகை வீடு. அப்பா கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர், அம்மா ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். முதல் நாளே என்னை "அக்கா" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. அக்காவாக இருப்பது சுகமான வேலை; தங்கை நமக்குக் கீழே இருக்கும்வரை.

முதல் செமஸ்டரில் எங்கள் பேராசிரியை ஒரு காரியம் செய்தார். அருமையான ஒரு தீர்ப்பைக் கொடுத்து, "இதை வைத்து ஒரு கட்டுரை எழுதி வாருங்கள்" என்றார். வகுப்பே விழுந்து விழுந்து எழுதியது. மித்ரா இருபது பக்கம் எழுதினாள். நான் ஒரே ஒரு பக்கம் எழுதினேன்: "இந்தத் தீர்ப்பைப் பிற்பாடு அதிக நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்று ரத்து செய்துவிட்டது. ஆகவே இதை வைத்து எழுதுவதற்கு எதுவும் இல்லை."

எனக்கு முழு மதிப்பெண். மற்ற எல்லோருக்கும் பூஜ்யம். அடடா, அந்த நாள்! இப்போது நினைத்தாலும் என் முதுகு தானாக நிமிர்கிறது.

அன்று கேன்டீனில் மித்ரா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"எப்டிக்கா கண்டுபுடிச்சீங்க? நான் அத்தன வாட்டி படிச்சேன், எனக்குத் தெரியவே இல்லியே!"

"அந்தத் தீர்ப்பை எத்தனை தடவை படிச்சாலும் தெரியாது. அதுக்கப்புறம் வந்ததைப் பாக்கணும். அது உயிரோட இருக்கா, செத்துப் போச்சான்னு முதல்ல தேடணும்."

"சொல்லிக் குடுங்கக்கா."

சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரம், தினமும் அரைமணி நேரம். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. தான் எழுதியதில் இருக்கும் ஓட்டை தன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அவள் பயன்படுத்தும் தீர்ப்பை நான் தேடிப் பார்ப்பது, என்னுடையதை அவள் பார்ப்பது. தாளை நீட்டி, "உயிரோட இருக்காக்கா?" என்று கேட்பாள். தேடிவிட்டு "இருக்கு" என்பேன். அதோடு முடிந்தது. அதற்குமேல் அவள் இரண்டாவது முறை பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

இரண்டு வருஷம் கழித்துப் பதக்கம் அவளுக்கு வந்தது. நான் இரண்டாவது.

சொல்லிக்கொடுத்தவள் நான்! அந்த மேடைக்குக் கீழே நின்று, அவள் தன் அம்மாவின் கழுத்தில் பதக்கத்தை மாட்டியபோது போட்டோ எடுத்தவளும் நான்தான். "இன்னும் கொஞ்சம் சிரிங்கம்மா" என்றுகூடச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார்: "யாரும்மா ஃபர்ஸ்ட்டு?"

"யாரோ ஒரு பொண்ணுப்பா" என்றேன்.

யாரோ ஒரு பொண்ணு... இரண்டு வருஷம் என் டிபன் டப்பாவில் சாப்பிட்டவள்!

மனசுக்குள் ஒரு சொல் ஓடிக்கொண்டே இருந்தது. "இவளா?" அந்த "இவளா"வுக்குள் அவள் வயசு மட்டும் இல்லை. அவள் தெரு இருந்தது, அவள் அப்பாவின் பெயின்ட் வாளி இருந்தது, அவள் பெயரைக் கேட்டதும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் போடக்கூடிய சாதிக் கணக்கும் இருந்தது. எனக்கு அப்படியெல்லாம் வேற்றுமை கிடையாது என்று கட்டுரையே எழுதியவள் நான். அந்தக் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண்ணும் வந்தது. வெட்கக்கேடு!

பிறகு அவளை எங்கள் சீனியர் வக்கீலின் அலுவலகத்தில் சேர்த்துவிட்டதும் நானே. எல்லோரும் என்னைப் பெருந்தன்மைக்காரி என்றார்கள். உண்மை அதுவல்ல. அவள் எனக்கு ஜூனியராக, எனக்குக் கீழே, என் கண்ணெதிரே உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆறே மாதம்தான். ஒருநாள் நான் எழுதிக் கொண்டுபோன மனுவைச் சீனியர் மூக்கருகே வைத்துப் படித்தார். அவர் கன்னடக்காரர், தமிழும் கன்னடமும் கலந்தடித்துப் பேசுவார். படித்துவிட்டுச் சொன்னார்:

"சென்னாகிதெம்மா ஹேமா. ஆனா ஃபைல் பண்றதுக்கு முந்தி ஸ்வல்ப மித்ராகிட்ட காட்டிடு. அந்தப் பொண்ணு நல்லா பாக்கறா."

நன்றாக இருக்கிறது, ஆனாலும் மித்ராவிடம் காட்டு! பதினாறு வருஷம் அந்த அறையில் குப்பை கொட்டியவள் நான். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழவில்லை. வயிறு எரிந்தது. வயிற்றெரிச்சல் என்பது வெறும் பேச்சு இல்லை, நிஜமாகவே வயிற்றில்தான் எரிகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் யாரைப் பார்த்தாவது அப்படி எரிந்திருக்கிறீர்களா? இல்லை என்றால், தயவுசெய்து இதற்குமேல் படிக்காதீர்கள். உங்களுக்கு என்னைப் புரியாது.

இப்போது சரசக்கா.

ஈஜிபுராவில் மித்ரா வீட்டுக்கு அடுத்த சந்தில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். மித்ரா முதன்முதலாகக் கோர்ட்டுக்குப் போட்டுப் போன கறுப்புக் கோட்டுக்குப் பெட்டி போட்டுக் கொடுத்தவர். ஒரு பழைய காம்பவுண்டின் பின்பக்கம் ஷீட் கூரை போட்ட இரண்டு அறை வீடு. அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான ஒரு வயதான அம்மாள், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் சரசக்காவின் புருஷனை வாட்ச்மேனாக வைத்து அங்கே குடியேற்றினார். புருஷன் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மாளும் போனார். இடம் ஒரு அண்ணன் மகனுக்கு வந்தது, அவன் ஒரு பில்டருக்கு விற்றான். "காலி பண்ணு" என்று ஆள் வந்து நின்றது.

கோர்ட்டில் தடை உத்தரவு கேட்டு மித்ரா மனுப் போட்டாள். சீனியர், "நீயே ஆர்க்யூ பண்ணு" என்று சொல்லிவிட்டார். அவள் தனியாக நின்று வாதாடப் போகும் முதல் வழக்கு.

அவள் மலைபோல் நம்பியது ஒரு பழைய தீர்ப்பை. வாட்ச்மேனாக வந்தவராக இருந்தாலும், இத்தனை வருஷம் குடியிருந்தவரை முறையாக வழக்கு நடத்தாமல் வெளியேற்றக்கூடாது என்று சொல்லும் தீர்ப்பு. சீனியரின் அலமாரியில் தோல் அட்டை போட்ட பழைய தொகுதி ஒன்றில் அதைக் கண்டுபிடித்திருந்தாள். பழைய புத்தகத்தில் ஒரு சங்கடம் உண்டு. அது அச்சான பிறகு அந்தத் தீர்ப்புக்கு என்ன ஆயிற்று என்று அதில் இருக்காது.

விசாரணைக்கு முந்தின நாள், புதன்கிழமை. மாலை நான்கு மணி இருக்கும். மழை வரும்போல் இருந்தது. சரசக்காவிடம் ஒரு பிரமாணப் பத்திரத்தில் கைநாட்டு வாங்க வேண்டியிருந்தது. மித்ரா குடையை எடுத்துக்கொண்டே வழக்குக் காகிதக் கட்டு முழுவதையும் என் மேஜையில் வைத்தாள்.

"ஹேமாக்கா, ஒரு வாட்டி பாத்துடுங்க. உயிரோட இருக்கா?"

"போயிட்டு வா. பாக்கறேன்."

நான்கு நிமிஷம்தான் ஆயிற்று. கம்ப்யூட்டரில் தேடினேன். செத்துப்போயிருந்தது! பெரிய அமர்வு ஒன்று அதைத் தெள்ளத் தெளிவாக ரத்து செய்திருந்தது. வாட்ச்மேனாக, காவலுக்கு வைக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று. பதினெட்டுப் பக்கம். அச்செடுத்துப் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன்.

படிக்கப் படிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால், தப்பிக்கும் வழியும் எனக்குத் தெரிந்துவிட்டது. சரி, காவலுக்கு வைத்தவருக்குப் பாதுகாப்பு இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவராக இருந்தால்? மித்ராவின் கட்டைப் புரட்டினேன். கரன்ட் மீட்டர் சரசக்கா புருஷன் பெயரில் இருக்கிறது என்று காட்டுவதற்காக ஒரு பழைய கடிதத்தை இணைத்திருந்தாள். அந்த வயதான அம்மாள் மின்சார அலுவலகத்துக்கு எழுதியது. எல்லோரும் மீட்டர் நம்பரைத்தான் பார்த்திருக்கிறார்கள். நான் முழுக் கடிதத்தையும் படித்தேன். இரண்டாம் வரியில், "வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு இப்போது என்னிடம் வாடகைக்கு இருக்கும் இவருக்குத் தனி மீட்டர் கொடுக்கவும்" என்று அந்த அம்மாள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கிடைத்துவிட்டது! பெரிய அமர்வின் தீர்ப்பு இந்த வழக்கைத் தொடவே தொடாது! எழுந்து குதிக்கலாம்போல் இருந்தது. இரண்டு வருஷம் மாலை வகுப்பில் படித்த அத்தனையும் அந்த அரைமணி நேரத்தில் என் கைக்குள் வந்து நின்றது. பதக்கம் வாங்கியவள் கண்ணுக்குத் தப்பியது எனக்குத் தெரிந்துவிட்டது...

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இதை அவளிடம் சொன்னால் நாளை என்ன நடக்கும்? அவள் எழுந்து நிற்பாள். என் வாதத்தை, அவள் வாயால், என்னைவிட நன்றாகச் சொல்வாள். தடை கிடைக்கும். சீனியர் அவள் தோளில் தட்டுவார். "ஹேமாக்காதான் கண்டுபுடிச்சாங்க சார்" என்று அவள் சொல்வாள். நிச்சயம் சொல்வாள், அவள் அப்படிப்பட்டவள். "அப்படியா, பேஷ்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் அவளையே பார்ப்பார்.

அச்செடுத்த பதினெட்டுப் பக்கத்தையும் என் மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

ஐந்தரை மணிக்கு அவள் வந்தாள். தொப்பலாக நனைந்திருந்தாள். ஈரம் படாமல் துப்பட்டாவுக்குள் வைத்துப் பிரமாணப் பத்திரத்தைக் கொண்டுவந்திருந்தாள். எனக்கென்று சூடாக இரண்டு மசால் வடையும்.

"உயிரோட இருக்காக்கா?"

"இருக்கு" என்றேன்.

"தேங்க்ஸ்க்கா. அப்போ பயமில்ல." தலையைத் துவட்டிக்கொண்டே போய்விட்டாள். நான் வடையைத் தின்றேன்.

மறுநாள் காலை பத்தரை மணிவரை எனக்கு நேரம் இருந்தது. ஒரு போன் போதும். "மித்ரா, தப்பாப் பாத்துட்டேன்" என்றால் போதும். போன் கையிலேயேதான் இருந்தது. செய்யவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் ஒரே ஒரு தடவை கீழே விழுவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. ஒரே ஒரு தடவை! வீடா? சரசக்காவா? சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அந்த வழக்கில் சரசக்கா என்று ஒருவர் இருப்பதே என் நினைவில் இல்லை. அதுதான் இருப்பதிலேயே கேவலமான விஷயம்.

வியாழக்கிழமை கோர்ட்டில் மித்ரா பேசி முடிக்கும்வரை எதிர்த்தரப்பு வக்கீல் அமைதியாக இருந்தார். பிறகு எழுந்து, அதே பதினெட்டுப் பக்கத்தின் பிரதி ஒன்றை நீதிபதியிடம் நீட்டினார். நீதிபதி படித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே மித்ராவைப் பார்த்து, இதைக்கூடப் பார்க்காமல் வந்தீர்களா என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மித்ரா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். நான் மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தேன்.

மனு தள்ளுபடி.

வராந்தாவில் சீனியர் வெடித்தார். "ஏனம்மா இது? மானம் போச்சு! யாரு செக் பண்ணது?"

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என் வாய் திறக்கவில்லை. மித்ரா திறந்தாள்.

"நான்தான் சார். நானேதான் பாத்தேன். சரியாப் பாக்கல."

நான் அசந்து மறந்து தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்து, என்னைக் காப்பாற்றினாள்! ஆட்டோவில் திரும்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் ஆகும்க்கா. நீங்க பேஜாராவாதீங்க" என்று சமாதானம் வேறு சொன்னாள். அந்தக் கை சூடாக இருந்தது. எனக்கு அந்த நேரத்திலும் என்ன தோன்றியது தெரியுமா? இவள் எதற்கு இவ்வளவு நல்லவளாக இருக்கிறாள் என்று எரிச்சல்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை விடுமுறை. அடுத்து சனி, ஞாயிறு. அப்பீல் போடத் திங்கள்கிழமைதான் முடியும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மித்ரா போன் செய்தாள். "ஜே.சி.பி. வந்துடுச்சுக்கா..."

நான் போவதற்குள் கூரை இறங்கிவிட்டது. சரசக்கா அழவில்லை. இடிக்க வந்தவர்களிடம் பத்து நிமிஷம் கேட்டு, முதலில் அவர் வெளியே எடுத்துவந்தது தன் பாத்திரத்தையோ பெட்டியையோ அல்ல. இஸ்திரிக்கு வந்திருந்த அடுத்தவர்கள் துணி மூட்டைகளை. வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஊரார் துணிம்மா. தூசி பட்டா என்னா பதில் சொல்றது?" என்றார் என்னைப் பார்த்து.

திங்கள்கிழமை சீனியர் அப்பீலை என்னிடம் கொடுத்தார். "நீயே பண்ணு ஹேமா. இனிமே ரிஸ்க் வேண்டாம்." மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பதினெட்டுப் பக்கத்தையும், ஃபைலிலிருந்து அந்தக் கடிதத்தையும் எடுத்து வைத்தேன். புதிதாக எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தயாராகவே இருந்தது. நகல் எடுத்து, பக்க எண் போட்டு, நான்கு கட்டுகளாகத் தைக்கச் சொல்லி மித்ராவிடம் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து வாதாடினேன். கேட்டவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள், அப்படி ஒரு வாதம். கோர்ட் ஏற்றுக்கொண்டது. சரசக்கா வாடகைக்காரர்தான் என்று கருத இடமிருக்கிறது, வழக்கு முடியும்வரை அந்த இடம் இப்போது இருக்கிறபடியே இருக்கவேண்டும் என்று உத்தரவிட்டது.

இருக்கிறபடியே... அங்கே என்ன இருந்தது? மண்மேடு இருந்தது. அந்த மண்மேடு இன்றுவரை இருக்கிறபடியே இருக்கிறது. வழக்கு வாய்தாமேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருக்கிறது.

"சபாஷ் ஹேமா! படிச்ச படிப்பு வேஸ்ட் ஆகலே!" என்றார் சீனியர், என் தோளில் தட்டி. பதினாறு வருஷத்தில் முதல்முறை. நான் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷப்பட்டேன்! இதையும் மறைத்தால் பிறகு எதற்கு இந்த ஒப்புதல்?

சரசக்கா அலுவலகத்துக்கே வந்தார். ஆனேக்கல்லில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டதாகச் சொன்னார். அங்கே வண்டி போட இடமில்லை, பழைய வாடிக்கையும் இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீங்கதான் ஜெயிச்சுக் குடுத்தீங்களாமே. நல்லா இருக்கணும்மா நீங்க." பக்கத்தில் மித்ரா நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்தில் மித்ரா விலகினாள். "கோர்ட்டு எனக்கு செட் ஆவலக்கா" என்று மட்டும் சொன்னாள். இப்போது ஒரு சட்டக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவள் வகுப்புக்கு அடுத்த பிரிவுப் பிள்ளைகளும் வந்து பின்னால் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பார்த்தீர்களா? அவளைக் கோர்ட்டைவிட்டே துரத்திய பிறகும் தீரவில்லை!

ஆனாலும் எப்போதாவது போன் செய்வாள். நலம் விசாரிப்பாள். ஒன்றே ஒன்றை மட்டும் அவள் திரும்பக் கேட்கவே இல்லை: "உயிரோட இருக்காக்கா?" பட்ட அடியில் பயந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் அலுவலகத்தில் பழைய ஃபைல்களை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். சரசக்காவின் கட்டு கையில் வந்தது. அந்தப் பதினெட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அச்செடுத்த மூலப் பிரதி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. பதினெட்டுப் பக்கத்திலும். ஸ்கேல் வைத்து வெட்டி, கோணாமல், நேராக.

நகத்தால் ஒன்றைப் பிரித்தேன்.

எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் எந்தத் தீர்ப்பை அச்செடுத்தாலும், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வரும். யார் எடுத்தது, எந்தத் தேதி, எத்தனை மணி. தினமும் பார்க்கிற வரி. பார்த்துப் பார்த்து நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்ட வரி. அதில் என் பெயர் இருந்தது. புதன்கிழமைத் தேதி இருந்தது. மாலை நான்கு பதினாறு என்று இருந்தது.

ஊரார் எழுதியதில் எல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிறவள், என் ஓட்டையை நானே பதினெட்டுப் பக்கமாக அவள் கையில் கொடுத்திருக்கிறேன்! அவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, சீனியர் கண்ணில் படாமல், கோர்ட் கண்ணில் படாமல், பட்டை ஒட்டி நகல் எடுத்திருக்கிறாள். அதன்பிறகும் இரண்டு மாதம் என் எதிர் மேஜையில் உட்கார்ந்து "அக்கா" என்று கூப்பிட்டிருக்கிறாள்.

போன் செய்தேன். பின்னால் பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்டது.

"மித்ரா... சரசக்கா ஃபைலைப் பாத்தேன்."

நடந்து வெளியே போகிறாள் என்று தெரிந்தது. சத்தம் அடங்கியது.

"ஒட்டினதப் பிரிச்சீங்களாக்கா?"

"ம்."

"சரி."

"ஏன் மித்ரா என்னைக் கேக்கல? ஏன் சார்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே உங்கள வெளிய அனுப்பியிருப்பார். அப்பீல யாரு நடத்தறது? அந்த லெட்டர உங்கள மாரி வேற யாரும் படிக்கலியேக்கா. நானே படிக்கல. சரசக்காக்கு அன்னிக்கு நீங்க வேணும்னு இருந்துச்சு. அதான்."

என்னைக் காப்பாற்றத்தான் பட்டை ஒட்டினாள் என்று நான் நினைத்தது தப்பு. அது நல்ல குணம் அல்ல, மன்னிப்பும் அல்ல. அவள் தன் கட்சிக்காரருக்கு வக்கீலாக இருந்திருக்கிறாள். சரசக்காவுக்கு இருந்த ஒரே நல்ல வாதத்தை, எதிரியின் கையில் இருந்தாலும், பத்திரப்படுத்தியிருக்கிறாள்.

"மன்னிச்சுடு மித்ரா."

"எங்கிட்ட எதுக்குக்கா கேக்கறீங்க?" குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இடிஞ்சது என் வூடா?"

போனை வைத்துவிட்டாள்.

எந்தக் குறைக்கு யார் வழக்காட உரிமை உள்ளவர், யாரிடம் போய் நிவாரணம் கேட்க வேண்டும்... முதல் செமஸ்டர் பாடம். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தது. அவளுக்கு நினைவிருக்கிறது. எனக்கு மறந்துவிட்டது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைக் கேட்டதும் என் மனத்தில் முதலில் வந்தது வெட்கம் அல்ல, அழுகையும் அல்ல. "இது எனக்கு ஏன் தோன்றவில்லை?" என்பதுதான் வந்தது. என் வயிறு எரிந்தது!

ஆனேக்கல் ஒன்றும் வெளிநாடு இல்லை. பஸ் இருக்கிறது. இந்த ஒரு மாதத்தில் மூன்று முறை ஏறினேன். ஒருமுறை அவர் தெருமுனை வரைக்கும்கூடப் போனேன். ஒரு கடையின் வாசலோரம் பலகை போட்டு, யாருடைய சட்டைக்கோ பெட்டி போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்றால், "வாங்கம்மா, ஜெயிச்சுக் குடுத்தவங்க" என்று பலகையைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்வார். அதன்பிறகு நான் வாயைத் திறக்க வேண்டும். எதிர்ச் சாரியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

அதற்குப் பதிலாக இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி உங்களிடம் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் நீங்கள் குடியிருந்ததில்லை. உங்களால் என்னை மன்னிக்கவும் முடியாது, தண்டிக்கவும் முடியாது. அது எனக்கு வசதியாக இருக்கிறது.

சரசக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இதை எழுத்தில் எழுதியிருக்கிறேன்.